ஐந்தாம் வார்த்தை

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலை ஆராதனை முடிந்ததும், பெரிய வெள்ளிக்கு யார் எந்த வார்த்தையைப் பேசுவது என்று சபைக்குப் புதிதாக வந்த ஐயர் அறிவித்தார். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேச வேண்டும். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி நேர ஆராதனை. இருபத்தெட்டு வருஷமாக நாலாம் வார்த்தை என்னுடையது. "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" கைவிடப்பட்டவரின் கூக்குரல். அதைப் பேசத் தொண்டையும் வேண்டும், வாழ்க்கையில் அடியும் பட்டிருக்க வேண்டும். ஐயர் அதைக் கோயில்பிள்ளை வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஐந்தாவது. "தாகமாயிருக்கிறேன்." அவ்வளவுதான் அந்த வார்த்தை. வழக்கமாக வாலிபர் சங்கத்துப் பையன் எவனுக்காவது கொடுப்பார்கள். பத்து நிமிஷத்தில் பேசிவிட்டு இறங்குவான்.

கோயில் வாசலில் ஐயரை நிறுத்திக் கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரு மாற்றம் வேணும்லா பெரியவரே. அதுவும் போக, கொஞ்ச நாளா உங்களுக்குக் குரல் கம்முது. அஞ்சாவது சின்னது. சிரமம் இருக்காது."

"குரல் கம்முதுன்னு யாரு சொன்னா?"

"நானே கேக்கேனே."

முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை. இறையியல் கல்லூரியில் கற்றவர். நான் ஐந்தாம் வகுப்பு. மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற இரைச்சலில், ஒரு கையில் வேதத்தைப் பிடித்துக்கொண்டு கற்றவன். கத்திப் படித்தால்தான் என் காதுக்கே கேட்கும். அப்படிப் பழகிய குரல் இது. கம்முகிறதென்றால் அது முப்பது வருஷ மாவுத்தூசி. வேறொன்றும் இல்லை.

மத்தியானம் சோறு நெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீர் விட்டும் இறங்கவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தேன். மனைவி தங்கபுஷ்பம் கேட்குமுன் நானே சொன்னேன்: "ஈஸ்டர் வரைக்கும், லெந்து முழுக்க உபவாசம் இருக்கப் போறேன். சாயங்காலம் ஒருவேளை கஞ்சி போதும்."

"எழுபத்திமூணு வயசுல இது என்ன வீம்பு? ஐயரு வார்த்தைய மாத்திட்டாருன்னா?"

"ஆண்டவருக்காக" என்றேன்.

பிப்ரவரி 17, சனி

வாழைப்பழம்கூட நிற்கிறது. உபவாசக்காரனுக்குப் பழம் எதற்கு? பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தேன். என் மாவு மில்லை வாடகைக்கு எடுத்திருப்பவன் அரைக்கிற கல்லைக் கொத்த ஆள் வைத்திருந்தான். நின்று பார்த்தேன். சரியாகக் கொத்தவில்லை.

பிப்ரவரி 21, புதன்

வீட்டு ஜெபம் இன்று கோயில்பிள்ளை வாத்தியார் வீட்டில். ஜெபம் முடிந்ததும் உளுந்தவடையும் சுக்குக் காப்பியும் வந்தன.

"என்ன வே, வடைய எடுக்கல? நாலாம் வார்த்தை போன கோவமா?"

"உபவாசம்."

"ஓ! அஞ்சாவதுக்கு இப்பவே ஒத்திகையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி அதட்டினாள். "சும்மா இருங்க. உபவாசத்துல அண்ணாச்சி முகம் எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்க."

கன்னம் ஒட்டினால் அதற்குப் பேர் தெளிவு. எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

மில்லுக்கு பெல்ட் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் என் பேத்தி வயசில் ஒரு டாக்டரம்மா.

"கூட யாரு வந்திருக்கா தாத்தா?"

"ஆண்டவர் வந்திருக்கார்."

"ஆதார் கார்டு கொண்டு வந்திருக்காரா?"

தொண்டையில் மருந்தடித்துக் குழாயை விட்டாள். திரையில் தெரிந்ததை நானும் பார்த்தேன். ஈர அரிசியைக் கொட்டினால் மில்லின் மேல்தொட்டியில் இப்படித்தான் அப்பிக்கொண்டு அடைக்கும். பெல்ட்டை நிறுத்திவிட்டுக் குச்சியால் குத்திவிடுவேன். டாக்டரம்மா அதற்குப் பிறகு வேடிக்கையாகப் பேசவில்லை. துளி கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள்.

"அடுத்த வாரம் வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க. ரிசல்ட்ட உங்க ஒருத்தர் கையில தர மாட்டேன்."

"ஈஸ்டர் கழிச்சு வாரேன்."

"அதுவரைக்கும் இது காத்துக்கிட்டு இருக்காது தாத்தா."

"அறுத்தா பேச்சு வருமா?"

"இப்ப எப்படிச் சொல்ல முடியும்? குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலதான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் பெல்ட் எங்கே என்றாள். சைஸ் கிடைக்கவில்லை என்றேன். கடைக்கே போகாதவனுக்கு எந்த சைஸும் கிடைக்காது. இது பொய்யில் சேராது.

மார்ச் 3, ஞாயிறு

இன்று நற்கருணை. அப்பம் இறங்கவில்லை. பாத்திரத்தில் ஒரு வாய் திராட்சரசம் குடித்தால் அதோடு சேர்ந்து இறங்கிவிடும் என்று நினைத்தேன். இரண்டும் மேலே வந்துவிட்டன. கைக்குட்டையில் வாங்கி, தலையைக் குனிந்தபடியே இடத்துக்கு வந்தேன். ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அதைக் குப்பையில் போட முடியுமா? வீட்டுக்கு வந்து முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன்.

"என்னத்த நடுதீங்க?" என்று தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

ஆண்டவரே, மீசை முளைக்கிற வயசிலிருந்து உம்முடைய பந்தியில் முழங்கால் போடுகிறேன். இன்று உம்முடைய அப்பத்துக்குக்கூட என் உடம்பில் வழி இல்லை. அடைத்தது நீர்தானா? நீர் இல்லையென்றால், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது யார்?

மார்ச் 6, புதன்

தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது.

மார்ச் 10, ஞாயிறு

பிரசங்கத்தில் ஐயர் என் பேரைச் சொன்னார். "நம்ம மாசிலாமணி பெரியவரைப் பாருங்கள். இந்த வயதில் லெந்து முழுவதும் உபவாசம். நாமோ ஒருவேளை காப்பியை விடுவதற்கு யோசிக்கிறோம்." பெண்கள் பக்கமிருந்து எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஐயர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்ட கத்துக்கிடணும் பெரியவரே." நாலாம் வார்த்தையைத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதியதை அடிக்கப் போவதில்லை.

மார்ச் 13, புதன்

கஞ்சியில் பருக்கையே இல்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். தங்கபுஷ்பத்துக்குக் கண் மங்கிவிட்டது போல. சொன்னால், "உபவாசக் கஞ்சி அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். அதில் பாதிதான் இறங்கியது.

வேட்டியை இறுக்கக் கயிறு கட்டிக்கொண்டேன்.

மார்ச் 15, வெள்ளி

மேலத் தெரு ஜெயசீலி வந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது ஐந்தாம் மாதம். புருஷன் துபாயில் இருக்கிறான்.

"ஜெபம் பண்ணுங்க தாத்தா. இந்தப் பிள்ளையாவது தங்கணும். ஐயரு சொன்ன அன்னையிலேருந்து நானும் உங்கள மாதிரி உபவாசம் இருக்கேன்."

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டா?"

"இந்தப் பிள்ளைக்காகத்தான தாத்தா. உங்க வயசுல நீங்களே தாங்கும்போது எனக்கு என்ன?"

"ஒருநேரமாவது நல்லா சாப்பிடணும், கேட்டியா?"

"நீங்க சாப்பிடுதீங்களா?"

"இல்ல" என்றேன். அது உண்மைதான். தலையில் கை வைத்து ஜெபித்தேன். நல்ல ஜெபமாகத்தான் வந்தது. போகும்போது என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அந்தக் கையைப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 18, திங்கள்

கோயிலில் கமிட்டிக் கூட்டம். நடுவில் எழுந்து பின்பக்கத் தொட்டிக்குப் போய் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் குனிந்து நின்றபோது பின்னால் கோயில்பிள்ளை.

"எத்தன நாளா வே இப்படி?"

"எப்படி?"

"நடிக்காதீரும். குடிச்ச தண்ணி அப்படியே வெளிய வருது. நான் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன்."

"மாவுத்தூசி."

"மில்ல வாடகைக்கு விட்டு ஆறு வருஷம் ஆச்சு. இன்னுமா தூசி ஒட்டிக்கிட்டு இருக்கு?"

நான் நடந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாலாம் வார்த்தைய நீரே பேசும். ஐயருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஆனா நாளைக்குக் காலையில என் காருல ஏறி தூத்துக்குடிக்கு வாரும்."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, "உம்ம பிச்சை எனக்கு வேண்டாம். கொடுத்ததப் பேசுவேன்" என்றேன்.

"பிச்சையா? அறிவுகெட்ட மனுஷா! நீரு செத்துப்போனா நான் யாருகிட்ட வே சண்ட போட?"

கத்தினார். கண் கலங்கியிருந்தது. எம்.ஏ. படித்தவர்களுக்கு லேசில் கண் கலங்கும். வெளியே யாரிடமாவது சொன்னால் செத்தாலும் உம்முடைய வாசல்படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வியாழன்

பிரசங்கம் எழுத உட்கார்ந்தேன். வனாந்தரத்தில் தண்ணீருக்கு முறுமுறுத்த ஜனம், கிணற்றடிக்கு மத்தியானத்தில் வந்த ஸ்திரீ, எல்லாரையும் கூட்டிவந்தேன். புளித்த காடியில் கடற்காளான் பஞ்சைத் தோய்த்து ஆண்டவர் வாய்க்கு நீட்டினானே ஒருவன், அவன் கேலிக்கு நீட்டினானா, மனசு கேட்காமல் நீட்டினானா என்று அதற்கே ஒரு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். ஒருநாளும் தாகம் எடுக்காதவன் எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பவனி மேலத் தெருவில் திரும்பும்போது ஜெயசீலி விழுந்துவிட்டாள். ஓலையைப் பிடித்தபடியே விழுந்தாள். பெண்கள் சுற்றிக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஆட்டோ வந்தது. அவள் மாமியார் ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை: "எம்புட்டோ சொன்னேன், கேக்கல. பெரியவரே இருக்காருல்லா, எனக்கென்னன்னா."

பாட்டு நின்றுவிட்டது. ஐயர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நான் மேடையில சொன்னது தப்போ பெரியவரே?" என் ஓலை என் கையில் இருந்தது.

மாலையில் அரசாங்க ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்ல?

மார்ச் 26, செவ்வாய்

ஜெயசீலிக்கு டிரிப் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பிள்ளையைப் பற்றி ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார்களாம். இன்னும் படுக்கையில் கிடந்து உபவாசம் என்கிறாளாம். விட்டுவிட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறாளாம்.

ஆண்டவரே, என்னை அடியும். நான் உம்மோடு வாதாடிப் பழகினவன், தாங்குவேன். அந்தப் பிள்ளை உம்மிடம் என்ன கேட்டது? என் பொய்க்கு அவள் வயிற்றிலா கை வைப்பீர்? அப்படிப்பட்டவரை நான் இத்தனை வருஷம் பிரசங்கித்தேன் என்று ஆகிவிடக் கூடாது. நாலாம் வார்த்தையை வருஷா வருஷம் அழ வைக்கிற மாதிரி பேசியிருக்கிறேன். இன்று அதை என் வாயால் சொல்லிப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை.

மார்ச் 28, பெரிய வியாழன்

கஞ்சித் தண்ணீரும் நின்றுவிட்டது.

அடுப்படிக் கொடியில் ஒரு துணி காய்ந்தது. தங்கபுஷ்பத்தின் பழைய வெள்ளைச் சேலைக் கிழிசல். கையில் எடுத்துப் பார்த்தேன். கஞ்சிப் பசை.

"இதுல வச்சா வடிக்க?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"முருங்க மூட்டுல குழி தோண்டுனீங்களே, அன்னையிலேருந்து. பருக்கை கிடந்தா உங்களுக்கு நிக்குதுன்னு தெரிஞ்சுது."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க. லெந்து நாள்ல உங்கள எதுக்குப் பொய் சொல்ல வைக்கணும்னு இருந்தேன்."

சட்டியைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 30, சனி

தூத்துக்குடி ஆஸ்பத்திரி. நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. இடது கையில் ஊசி. நல்லவேளை வலது கை சும்மா இருக்கிறது.

கோயில்பிள்ளை நாலாம் வார்த்தையை நன்றாகவே பேசினார். என்னைவிட நன்றாக என்று எழுத மாட்டேன். கீர்த்தனை முடிந்ததும் நான் ஏறினேன். கையில் தாள் இல்லை. மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பிரசங்கபீடத்தில் போட்டிருந்த கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. மும்மணி நேரத்தில் எங்கள் சபையில் பச்சைத் தண்ணீர் யாரும் தொடுவதில்லை. அந்தப் பழக்கத்தை இளைஞர்களுக்கு அதட்டிச் சொன்னவனே நான்தான். பிரசங்கத்தில் ஏதோ நாடகம் போடுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

பெண்கள் பக்கத்தில் தங்கபுஷ்பம் எழுந்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நடந்து, பிரசங்கபீடத்துப் படியேறி என் கையில் கொடுத்தாள். போகாமல் பக்கத்திலேயே நின்றாள். குடித்தேன். இரண்டு மடக்கு. அவ்வளவும் திரும்பி வந்தது. சட்டையிலும் கறுப்புத் துணியிலும் வழிந்தது. முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். மூச்சு வாங்க நேரமானது.

பிறகு பேசினேன். ஒலிபெருக்கி மேலத் தெரு வரைக்கும் கேட்கும்; என் குரல் எவ்வளவு கேட்டதோ தெரியாது.

"இது உபவாசம் இல்ல. எனக்கு இறங்கல. வியாதி. உங்ககிட்ட மறச்சேன். நீங்க புகழ்ந்தீங்க, வாங்கிக்கிட்டேன். ஜெயசீலி, நீ சாப்பிடணும்மா. சாப்பிட்டா ஆண்டவரு கோவிக்க மாட்டாரு. பட்டினி கிடக்கச் சொன்னது அவரு இல்ல, என் பொய்யி. எனக்குத் தாகமா இருக்கு. அம்புட்டுத்தான்."

இரண்டு நிமிஷம் இருக்குமா? வாலிபர் சங்கத்துப் பையனே இதைவிடக் கூடப் பேசுவான்.

இறங்கும்போது கால் மடங்கியது. ஐயர் ஓடிவந்து பிடித்தார். அங்கியெல்லாம் நனைந்தது. கோயில்பிள்ளை ஏற்கெனவே காரைக் கொண்டுவரப் போயிருந்தார். "முடிந்தது" என்கிற ஆறாம் வார்த்தையை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே ஊரைத் தாண்டினோம்.

"நல்ல வார்த்தையா பாத்துத்தான் ஊர விட்டுக் கிளம்புதோம்" என்றேன், வந்த குரலில்.

"வாய மூடும் வே" என்றார் கோயில்பிள்ளை. வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார்.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு

விடியற்காலை ஆராதனை ஊரில் நடந்திருக்கும். இங்கே நர்ஸ் வந்து டிரிப் பாட்டிலை மாற்றினாள்.

டாக்டரம்மா சோதனை முடிவைத் தங்கபுஷ்பத்திடம் சொன்னாள், எனக்கும் கேட்கும்படி. முதலில் வயிற்றில் குழாய் வைத்து ஆகாரம் கொடுக்க வேண்டும். உடம்பு தேறினால் மேற்கொண்டு பார்க்கலாம். தேறுமா என்று சொல்ல முடியாது. குரல் இருக்குமா என்றும் சொல்ல முடியாது. "பிப்ரவரியிலேயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நல்ல பிள்ளை.

கோயில்பிள்ளை வந்தார். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து கோயிலில் ஊற்றிய கஞ்சியை, காணத் துவையலோடு, ஜெயசீலி இரண்டு கும்பா குடித்தாளாம். மாமியார்தான் வீட்டுக்கு வாங்கிப்போய், பிடித்துக் குடிக்க வைத்தாளாம். நேற்று பிள்ளை அசைந்த மாதிரி இருந்ததாம். "மாதிரி"தான். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

"அடுத்த வருஷம் நாலாம் வார்த்தை உமக்குத்தான் வே. ஐயரே சொல்லிட்டாரு."

"வேண்டாம்" என்று தலையை ஆட்டினேன். ஐந்து விரலைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆண்டவரே, ஒன்றை எழுதி வைக்கிறேன். உம்மேல் எனக்கு வருத்தம் போகவில்லை. ஏன் என்று நீர் இன்னும் சொல்லவில்லை. என்னைச் சுகமாக்குவீரா, அதையும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் உம்மிடம்தான் கேட்பேன். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. இது விசுவாசமா, பிடிவாதமா, நீரே பார்த்து எழுதிக்கொள்ளும். இருபத்தெட்டு வருஷம் உம்முடைய பாடுகளைப் பற்றி உரத்துப் பேசினேன். அந்த வெயிலில் உமக்கு நாக்கு எப்படி ஒட்டியிருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உதட்டை மட்டும் நனைக்கலாமாம். தங்கபுஷ்பம் தம்ளரில் தண்ணீர் எடுத்து, பஞ்சைத் தோய்க்கிறாள். கிட்டத்தில் கொண்டு வருகிறாள்.

"வாயத் திறங்க" என்கிறாள்.

பேனாவை வைக்கிறேன்.